அத்தையின் முட்டுவலி

திருத்தங்கல்,
12-1-1962.

அன்புள்ள அத்தானுக்கு,

பொன்னுத்தங்கம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு யாவரும் சுகம். நாக்பூர்க் குளிரில் இருமல் வந்ததாக எழுதியிருந்தீர்கள். இப்போது எப்படி இருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

இந்த நான்கு ஆண்டுகளில் என் கையெழுத்தில் உங்களுக்கு எத்தனையோ கடிதங்கள் வந்திருக்கும். எல்லாம் அத்தை சொல்லச் சொல்ல எழுதியவை. இதுதான் நானாக எழுதும் முதல் கடிதம். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

இன்னொரு கடிதமும் இதே தபாலில் வரும். முட்டுவலி தாங்கவில்லை, வரும் இருபத்திரண்டாம் தேதிக்குள் வந்து சேர் என்று அத்தை எழுதச் சொன்னது. "முட்டு ரெண்டும் விண்ணு விண்ணுன்னு தெறிக்கி, பெத்தவ மேல பாசம் இருந்தா வந்து பாருன்னு எழுது தங்கம்" என்று சொல்லிக்கொண்டே, உரலைக் காலால் தள்ளி ஓரம் கட்டினார்கள்.

அத்தான், உங்கள் அம்மாவுக்கு முட்டுவலி கிடையாது. நீங்கள் ஒவ்வொரு முறையும் தைலம் வாங்கி வந்து, முதல் வேலையாக உட்கார்ந்து தேய்த்துவிடும்போது அவர்கள் முனகுவதைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். நான் பின்கட்டில் ஒதுங்கியிருந்து, தலைக்குக் குளித்து வீட்டுக்குள் வரும் நாளை அத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுவார்கள். அந்த நாளில் நீங்கள் இங்கே இருக்கவேண்டும் என்பதற்குத்தான் அந்த வலி. உங்களுக்குத் தெரியும் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். சென்ற முறை தைலத்தின் விலையைப் பற்றி நீங்கள் வருத்தப்பட்டபோதுதான் தெரியாது என்று புரிந்தது.

அவர்களைக் கோபிக்காதீர்கள். வெம்பக்கோட்டையில் மானாவாரி நிலத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். "மழை பெஞ்ச ஈரம் காயறதுக்குள்ள விதைச்சிரணும், பொம்பளை உடம்பும் அப்படித்தான்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். நம் நன்மைக்குத்தான் செய்தார்கள்.

போன வாரம் என்னை மிஷன் ஆஸ்பத்திரிக்கும் அவர்களேதான் கூட்டிப்போனார்கள். டாக்டரம்மா பார்த்துவிட்டு என்னிடம் குறை எதுவும் தெரியவில்லை என்றார். அத்தை வெளியே வராந்தாவில் இருந்தார்கள். அங்கே நர்சாக இருப்பது யார் தெரியுமா? என்னோடு பள்ளியில் படித்த ஞானபூரணி! உள்ளே இழுத்துப்போய்ச் சுவரில் மாட்டியிருந்த இரண்டு படங்களைக் காட்டினாள். ஒன்று ஆண், ஒன்று பெண். எத்தனையோ புத்தகம் படிக்கிறேன் என்று பெயர். என் உடம்புக்குள் இருப்பதை அன்றுதான் கண்டேன். கருப்பை ஒரு சிறு பேரிக்காய் அளவுதான். அதன் இருபுறமும் சூலகங்கள்.

அவள் சொன்னதை அவள் வாக்கிலேயே எழுதுகிறேன், என் வாக்கில் எழுதக் கூச்சமாக இருக்கிறது. "ஒங்க அத்தானுக்கு உள்ளது நம்மூரு தீப்பெட்டி ஆபீஸ் மாதிரிடீ. வருசம் பூரா ஓட்டம், சரக்கு வந்துக்கிட்டே இருக்கும். வெக்கை மட்டும் ஆகாது, அதான் ஆண்டவர் உடம்புக்கு வெளியே வச்சிருக்காரு. ஒனக்கு அப்படி இல்ல. நீ பெறக்கையிலேயே அம்புட்டு முட்டையும் உள்ள இருந்துச்சு. மாசத்துக்கு ஒண்ணுதான் வெளிய வரும். ஒரு நா இருக்கும், அம்புட்டுத்தான்."

அந்த ஒரு நாள் எப்போது வரும் என்று கேட்டேன். நான் ஒதுங்கும் நாளுக்கும் அடுத்த முறை ஒதுங்கும் நாளுக்கும் ஏறக்குறைய நடுவில் என்றாள். நான் குளிக்கும் நாளில் நீங்கள் வந்து நான்கே நாளில் போய்விடுவதைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "நாலு வருசமா கடை தொறக்குமுன்னயே வந்து கதவைத் தட்டிட்டுப் போயிருக்காரே மனுசன்!"

நானும் சிரித்தேன். வெளியே வந்து அத்தையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பஸ்ஸில் வரும்போது, எம். புதுப்பட்டியில் ஒரு பெண் இருக்கிறாள் என்றார்கள். "அவன் இந்தத் தடவை வந்துட்டுப் போகட்டும். அப்பவும் ஒண்ணும் இல்லைன்னா நீயே அவன்கிட்டச் சொல்லிரு தாயி. நீ சொன்னா கேப்பான்." ரெண்டாந்தாரம் கட்டச் சட்டம் விடாது என்றேன். சட்டமா வந்து பேரன் பெத்துத் தரும் என்றார்கள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் அழுதார்கள்.

அதனால்தான் கேட்கிறேன். அத்தை சொன்ன நாளில் வராதீர்கள். ஒரு வாரம் தள்ளி வாருங்கள். உங்கள் கடிதத்தை அத்தைக்கு நான்தான் உரக்கப் படிக்கவேண்டும். ஆகவே கிடங்கில் லோடு இறங்குகிறது, லீவு தள்ளிப்போகிறது என்று மட்டும் எழுதுங்கள். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு படித்துவிடுவேன்.

இன்னொன்றும் ஞானபூரணி சொன்னாள். அதை எழுதாமல் விட்டால் உங்களிடம் மறைத்ததாகும். இப்படிச் செய்தும் பலன் இல்லையென்றால் உங்களையும் ஒரு டாக்டர் பார்க்கவேண்டுமாம். ஓடுகிற ஆபீஸிலும் சில சமயம் சரக்கு சரியாக வருவதில்லையாம். அது யாருடைய குற்றமும் இல்லை என்றாள். உங்களுக்கு வருத்தமாக இருக்கும். டாக்டரம்மா என்னைப் பார்த்த அந்த மேஜையில் படுத்திருந்தபோது எனக்கு இருந்தது போல.

நீங்கள் சென்ற முறை வாங்கி வந்த புத்தகத்தை இரண்டு தடவை படித்துவிட்டேன். ஊருக்குப் புறப்பட்ட காலையில் அதற்குத் தினத்தாள் அட்டை போட்டுக் கொடுத்தீர்களே, அதை இன்னும் கழற்றவில்லை. உங்களோடு நான் இருந்த நாட்கள் எல்லாமே அத்தை எண்ணிக் கொடுத்தவை. யாரும் எண்ணாத நாள் ஒன்றாவது வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

பத்திரகாளியம்மன் உங்களை நோய்நொடி இல்லாமல் காப்பாற்றட்டும். தைலம் வாங்கவேண்டாம். நீங்கள் தேய்த்தது போக ஐந்து புட்டி திறக்காமலே அடுக்கில் இருக்கிறது. குழந்தை வந்தாலும் வராவிட்டாலும், நாள் சரியாக இருந்தாலும் தவறினாலும், வாருங்கள். எனக்கு எங்கும் வலிக்கவில்லை அத்தான். இருந்தாலும் வாருங்கள்.

என்றும் உங்கள்,
பொன்னுத்தங்கம்.