லக்ஷ்மி மாஷிமா ஊர் சுற்றப் போன நாள்

டாக்குரியா, கொல்கத்தா
ஞாயிற்றுக்கிழமை

சிரஞ்சீவி ஜெய்ராமுக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. நீயும் ஸ்னேகாவும் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நான் சௌக்கியம். அது உனக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், படியேறும்போது எனக்கு மூச்சு வாங்குகிறதா என்பது வரைக்கும் வசந்தி போட்டோவோடு அனுப்பியிருப்பாள். போனில் சொன்னால் நடுவில் பேசுவாய், மீட்டிங் இருக்கிறதும்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். கடைசி வரி வரை படி.

வசந்தி கோயம்புத்தூரிலிருந்து வருகிறாள் என்றதும் நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று உனக்குத் தெரியும். நீ கைக்குழந்தையாக இருந்தபோது கீழ்வீட்டில் குடியிருந்தவள், எனக்கு ஜுரம் வந்தால் உன்னைத் தூக்கிக்கொண்டு போய் வைத்துக்கொண்டவள். அவள் புருஷனுக்கு மாற்றலாகிப் போன பிறகு இந்தப் பக்கமே வரவில்லை. இத்தனை வருஷம் கழித்து வந்தவள், இந்த ஊர்ல இருந்தோம்னுதான் பேரு, அடுக்களையையும் மார்க்கெட்டையும் தவிர என்னத்தைக் கண்டோம், ஒரு நாள் டூரிஸ்ட் மாதிரி சுத்திப் பார்த்துடலாம்டி சாவித்ரி என்றாள். நம்பினேன். கரியாஹாட் நடைபாதையில் ஆளுக்கொரு வைக்கோல் தொப்பி வாங்கினாள், அதையும் போட்டுக்கொண்டேன். உன் அப்பா இருந்திருந்தால் என்னை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போயிருப்பார்.

நேற்றுக் காலை விக்டோரியா மெமோரியல் போனோம். அங்கேயே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. அவ்வளவு பெரிய பளிங்குக் கட்டடம் நிற்கிறது, இவள் அதைப் படம் எடுக்காமல் நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறுவதைப் படம் எடுக்கிறாள். முழங்கால் எப்படி இருக்கு, ராத்திரி எத்தனை தடவை எழுந்துக்கறே, பாத்ரூமில் விழுந்தியாமே, இப்போ மேட் போட்டிருக்கியா என்று ஒரே விசாரணை. நான் பாத்ரூமில் வழுக்கியதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், வெயிலில் உறைக்கவில்லை.

பிறகு பாபுகாட்டில் ஹௌரா போகும் படகுக்குக் காத்திருந்தோம். படகுத்துறையில் மண் குவளையில் டீ விற்கிறவனிடம் சர்க்கரை குறைவாகப் போடப்பா என்று பெங்காலியில் சொன்னேன். அவன் என் தொப்பியைப் பார்த்தான், வசந்தியின் தொப்பியைப் பார்த்தான், பிறகு ரொம்ப மரியாதையாக, நீங்கள் பெங்காலி அழகாகப் பேசுகிறீர்களே, பேடாதே எஷேசேன் என்று கேட்டான். வசந்திக்குப் பெங்காலி மொத்தமும் மறந்துவிட்டது, என்னடி கேக்கறான் என்று இடித்தாள். சுத்திப் பார்க்க வந்திருக்கேளான்னு கேக்கறான் என்று என் வாயாலேயே நான் சொல்ல வேண்டியதாயிற்று. இந்த ஊரில் நான் பெற்று வளர்த்த பிள்ளைக்கே ஐம்பது வயது ஆகப்போகிறது, என் பெங்காலி அழகாக இருக்கிறதென்று ஒருத்தன் மெச்சுகிறான். திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

வசந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். பாத்தியா, டீக்காரனுக்கே தெரியறது நீ இந்த ஊர்க்காரி இல்லேன்னு, பேசாம வயசானவாளுக்குன்னு கட்டின எங்க காம்பவுண்டுல பதினாலாம் நம்பர் வீட்டுக்கு வந்துடு, ஜெய்ராம்தான் பேர் குடுத்து வெச்சிருக்கானே என்றாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். படகு வந்தது, ஏறினோம். ஹௌரா பாலத்தை நான் எத்தனையோ வருஷம் கழித்து அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன், ஆனால் பார்த்தேன் என்று சொல்லமாட்டேன், கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. உன்னை எப்போது கேட்டேன் எனக்கு வீடு பார் என்று? என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? அங்கே மூன்று வேளைச் சாப்பாடு, வாசலிலேயே டாக்டர், சாயங்காலம் பஜனை, காபிக்கு மணி அடிப்பார்கள் என்று கரை சேரும் வரை சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தாள். மணி அடித்தால் காபி குடிக்க நான் என்ன பள்ளிக்கூடத்திலா இருக்கிறேன்? அவள் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை, அவளுக்கு அந்த இடம் பிடித்திருக்கிறது, பேச்சுத்துணைக்கு நானும் வேண்டும் என்று நினைக்கிறாள். கோபம் உன் மேல்தான். கேட்க வேண்டியதை என்னிடம் கேட்காமல் என் சிநேகிதியை வேவு பார்க்க அனுப்பினாயே, அதற்காக.

முனையில் இருக்கும் மளிகைக் கடை உனக்கு நினைவிருக்கும். உன் அப்பாவுக்கு பாங்கில் இங்கிலீஷும் ஹிந்தியும் போதுமானதாக இருந்தது. உப்பும் பருப்பும் வாங்க வேண்டியவள் நான். எனக்கு யாரும் பெங்காலி சொல்லித்தரவில்லை, பஸ் போர்டையும் கடை போர்டையும் பார்த்து எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். அந்தக் கடை போர்டில் லக்ஷ்மி பண்டார் என்று எழுதியிருந்தது, அப்படியே படித்தேன். கடைக்காரர் சிரித்தார், எழுதுவது அப்படி, சொல்வது லொக்கி என்றார். எழுதியிருப்பதைத்தான் சொல்வேன் என்றேன். இன்று வரை லொக்கி என் வாயில் வந்ததில்லை. அவர் போய் அவர் மகன் சங்கர் கடைக்கு வந்து, சங்கருக்கும் தலை நரைத்துவிட்டது. அவனை ஊரே ஷொங்கோர் என்கிறது, நான் சங்கர் என்கிறேன், திரும்பிப் பார்க்கிறான்.

நேற்று சாயங்காலம் நானும் வசந்தியும் ஆட்டோவை விட்டு இறங்கினோம். தொப்பி தலையிலேயே இருந்தது. சங்கர் கடையிலிருந்து எட்டிப் பார்த்து, லக்ஷ்மி மாஷிமா, பேடாதே கியேசிலேன் என்று குரல் கொடுத்தான். லக்ஷ்மி என்றுதான் சொன்னான், எனக்காக, நான் சொல்கிற மாதிரி. நேற்றுதான் புதிதாகச் சொன்னான் என்று நினைக்காதே, இந்தத் தெருவில் நான் சாவித்ரி மாமி இல்லை, லக்ஷ்மி மாஷிமா என்பதுதான் எனக்குப் பெயர். வசந்தி மெதுவாக, இவனும் அதேதான் கேக்கறானா என்றாள். இல்லை, டீக்காரன் சுத்திப் பார்க்க வந்தேளான்னு கேட்டான், இவன் சுத்திப் பார்க்கப் போயிருந்தேளான்னு கேக்கறான் என்றேன். அவள் தன் தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, ஜெய்ராம்கிட்ட நான் ஒண்ணும் சொல்லமாட்டேன், நீயே எழுதிடு என்றாள். எழுதிவிட்டேன்.

பதினாலாம் நம்பர் எனக்கு வேண்டாம். இன்றைக்கே சொல்லிவிடு, காத்திருக்கிறவர்கள் யாராவது வரட்டும். பாத்ரூமில் கைப்பிடி வைக்க சங்கரே ஆள் அனுப்புகிறேன் என்றிருக்கிறான். முழங்கால் வலி உண்டு, மறைக்கவில்லை, அது கோயம்புத்தூருக்கும் என்னோடுதான் வரும். அப்படியும் என்னைப் பற்றி ஏதாவது தெரிய வேண்டுமானால் என்னையே கேள், பொய் சொல்லமாட்டேன்.

ஸ்னேகாவின் இருமலுக்கு மிளகும் சுக்கும் தட்டிக் கஷாயம் கொடு, அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். நீயும் வேலை வேலை என்று ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிடாதே. எல்லோருக்கும் என் ஆசீர்வாதம், நீண்ட ஆயுளோடு ஒரு குறையும் இல்லாமல் இருங்கள். டிசம்பரில் வருவதாகச் சொல்லியிருக்கிறாய், மறக்காமல் வா. இந்தத் தெருவில் பிறந்தவன் நீ. தெருமுனையில் இறங்கினதும் சங்கர் உன்னைப் பார்த்து, பேடாதே எஷேசோ, சுத்திப் பார்க்க வந்தியா என்றுதான் கேட்பான். அப்போது உனக்குக் கோபம் வருகிறதா என்று நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
வீட்டை விட்டு எங்கும் போகாத உன் அம்மா
சாவித்ரி