ஆமைத்திட்டில் சங்கு ஏறியது குறித்தும் கழிமுகச் சங்கிலி குறித்தும்

இடுப்பு நிமிராமல் பாயில் குப்புறக் கிடந்தபடி, வெண்கரை நாட்டு வேந்தர் ஆழிமுடிப் பெருமானின் திருப்பணி அமைச்சனும் கல்லுடைப்போர் குடியில் பிறந்தவனுமாகிய குன்றங்கிழான், பொன்னலைத் துறை காக்கும் தண்டநாயகர் வயிரமேகனாருக்குச் சொல்லி எழுதுவித்த ஓலை. தங்கள் துறையில் காற்று சீராக வீசுக. கலங்கள் குறைவின்றிக் கரைசேர்க. தங்கள் குடி தழைக்க.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆமைத்திட்டுத் தூணின் உச்சியில் கற்சங்கு ஏறிவிட்டது. பழைய சங்கைப் பகைவர் கப்பல்கள் உடைத்தெறிந்த நாள்முதல் எட்டாண்டு மொட்டையாய் நின்ற அத்தூணைக் கண்டு தலைகுனிந்து துறைபுகுந்த நம் மாலுமிகள், இன்று காலை கலங்களில் எழுந்து நின்று கூவினார்கள். நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். எழுப்ப இருவர் வேண்டியிருந்தது.

சென்ற ஐப்பசியில் இதே புதுச்சங்கு கடலில் விழுந்ததைத் தாங்கள் அறிவீர்கள். கணியர் குறித்த நல்வேளையில், பரதவர் கயிறு பிடிக்க, சங்கேற்றிய தெப்பத்தைத் தள்ளினோம். அவ்வேளையில் நீர் வற்றியிருந்தது. தெப்பம் பாறையில் தட்டிக் கவிழ்ந்தது. சற்றுப் பொறுங்கள் என்று பரதவர் தலைவர் ஆழிச்சேந்தன் முன்னமே சொன்னார். கேட்கவில்லை. பின்பு அரசவையில், பரதவர் வேண்டுமென்றே கயிற்றைத் தளர்த்தினர் என்று பேச்செழுந்தபோது நானும் வாய்திறக்கவில்லை. அவர்கள் படகுகள் கடலுக்குப் போகாதபடி கழிமுகத்தில் தாங்கள் சங்கிலியிட்டது அப்படித்தான்.

சென்ற திங்கள் அவர் குப்பத்துக்கு நானே போய் உதவி கேட்டேன். மணலில் வெயில் தின்று பிளந்த படகுகளைக் காட்டி, ஒரு கல் மூழ்கியதற்கு இத்தனை அழுகிறீரே, எங்கள் அடுப்பு மூழ்கி ஆறு மாதமாயிற்று அமைச்சரே என்றார். தூக்கித் தந்தால் கழிமுகத்தைத் திறப்பீரா என்றும் கேட்டார். திறப்பேன் என்று கையடித்துக் கொடுத்தேன்.

எட்டுப் படகுகளின் பிளவுகளைத் தைத்து அடைத்தார்கள். சங்கிலிக் காவலரிடம் என் முத்திரை காட்டிக் கடலுக்கு வந்தார்கள். முழுநிலா நாளில் நீர் நன்றாய் வற்றியபோது மூழ்கிச் சங்கைக் கட்டி, குறுக்குமரம் போட்டு இணைத்த படகுகளில் கயிற்றை இறுக்கினார்கள். பிறகு வெற்றிலை போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்தார்கள். கல்லுக்குத் தோள்கொடுத்தே வளர்ந்த எனக்கு அது பொறுக்கவில்லை. இழுங்கள் என்று கத்தினேன். இழுக்கிறவர் வந்துகொண்டிருக்கிறார், சத்தம் போடாதீர் என்றார் சேந்தன். கடற்பெருக்கு வந்தது. படகுகள் விளிம்புவரை அமிழ்ந்து முனகின. ஒரு கயிறு அறுந்தது. சங்கு கடல்தரையை விட்டு எழுந்தது. திட்டில் மணற்சரிவு அமைத்து, உருளைமரங்களின்மேல் அதை உச்சிக்கு ஏற்ற மூன்று நாளாயிற்று. அங்கே நானும் கயிறு பிடித்தேன். இடுப்பின் கதை அதுதான்.

ஆகையால், ஆழிமுடிப் பெருமான் எனக்களித்த அதிகாரத்தால் ஆணையிடுகிறேன்: இவ்வோலை கண்டபொழுதே கழிமுகச் சங்கிலியை அறுத்தெறிக, காவலரை விலக்குக. தவறு தெப்பம் விட்ட எங்களுடையது, பரதவருடையதன்று என்று துறையெங்கும் பறையறைவிக்க. என் பெயரையும் சேர்த்தே அறைவிக்க. இதற்கு என் முத்திரை சான்று.

நாற்பது வீடுகள் ஆறு மாதத்துக்கும் மேலாகக் கடலிழந்து பட்டினி கிடந்ததற்கு அரசு இன்னும் ஈடு செய்யவில்லை. அது நம் கடன்.