பின்னால் வைத்த இரண்டு அடி

அன்புள்ள மெலிடாவுக்கு,

நம் ஊர்க் கோவில் கறுப்பு இயேசுவின் புண்ணியத்தில் நலமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று இந்த நியூயார்க் பங்குக் கோவிலில் மாதா சுரூபம் தூக்க ஆள் போதவில்லை. நான் தோள் கொடுத்தேன். மூன்றடி போனதும், நம் ஊர் போர்ட்டோபெலோ வழக்கப்படி, கால்கள் தாமாக இரண்டடி பின்னால் வந்துவிட்டன. பின்னால் நின்றவரின் கால் நசுங்கியது.

"யோவ், எங்கய்யா பின்னாடி வர்ற?"

"எங்க ஊர்ல சாமி இப்படித்தாங்க போவார்."

"அப்ப எப்பதான்யா போய்ச் சேருவீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தோளில் லேசான வீக்கம்தான், கவலைப்படாதே.

நம் முப்பாட்டன்மாரை அடிமைகளாகச் சங்கிலியோடு இறக்கிய அதே நம் ஊர்க் கரையில், மேளத்துக்கு ஆடி ஆடி நாம் சாமி தூக்குவதை இவர்களிடம் எப்படிச் சொல்வது?

அக்டோபர் திருவிழாவுக்கு, நான் சாமி தூக்கும்போது போடும் ஊதா அங்கியை உன் தம்பி எலிசேயோ கேட்பான். கொடு. ஆனால் ஊர்வலம் முடிந்ததும் எல்லோரையும்போல் கோவில் படியில் கழற்றிப் போட்டுவிடப் போகிறான், வாங்கி வைத்துக்கொள். எனக்கு அனுப்பு.

பஸ் வந்துவிட்டது, வேலைக்கு ஓடுகிறேன். அங்கியைத் துவைத்துவிடாதே. ஊர்வலத்து மெழுகும் வேர்வையும் அப்படியே இருக்கட்டும்.

உன்
கிறிசாந்தோ