அழுத்த அறையில் சம்பந்தி

மார்ச் 4, செவ்வாய்

கால் பெருவிரலின் அடியில் குடியேறிய புண் ஐந்து மாதமாகக் கிளம்புவதாக இல்லை. சர்க்கரை உடம்பு. டாக்டர் இன்று பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார்: "ஆக்சிஜன் அறைல முப்பது தடவ உக்காருங்க. அப்பவும் மூடலைன்னா விரலை எடுத்துடலாம்."

ஏதோ துருப்பிடித்த நட்டைக் கழற்றுவது போல. லிஃப்ட் மெக்கானிக்கான என்னிடமே!

"பத்துல ஒண்ணுதானே" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு அடுப்படியில் போய் அழுதாள்.

மார்ச் 6, வியாழன்

இரும்பு அறை, வட்ட சன்னல், ஆறு நாற்காலி. பருத்தி உடுப்பு மட்டும். தலைக்கு எண்ணெய், களிம்பு, கைபேசி எதுவும் கூடாது. ஒரு சின்னப் பொறிகூட ஆபத்தாம். கதவைச் சாத்தி அழுத்தத்தை ஏற்றினார்கள். தலையில் கண்ணாடிக் குடம் மாதிரி ஒன்று. அதற்குள் ஆக்சிஜன்.

"பயப்படாதீங்க சார்" என்றாள் கூட உட்கார்ந்த நர்ஸ். இருபத்தெட்டு வருடமாக, லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியே நின்று "பயப்படாதீங்க, மூச்சை இழுத்து விடுங்க" என்று கத்தியிருக்கிறேன். கேட்பவனுக்கு எவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது.

மார்ச் 7, வெள்ளி

காது அடைத்தால் கொட்டாவி விட வேண்டும். அலுவலகத்தில் இதற்குத்தான் திட்டு வாங்குவேன்.

மார்ச் 10, திங்கள்

எதிர் நாற்காலியில் சம்பந்தி!

மகளின் மாமனார். கல்லூரி முதல்வராக இருந்தவர். மூன்று வருடமாக எங்களுக்குள் பேச்சு கிடையாது. காலில் வெந்நீர் கொட்டி, அந்த இடத்தில் தொடையிலிருந்து எடுத்து ஒட்டிய தோல் கறுக்க ஆரம்பித்துவிட்டதாம்.

அதைவிடப் பெரிய செய்தி — மனுஷனுக்குத் தலையில் ஒரு முடி இல்லை. இத்தனை நாள் இருந்தது விக்! அறைக்குள் அதற்கு அனுமதி இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கல்யாண மண்டபத்தில் மைக்கைப் பிடித்து, "எங்க சம்பந்தி தலைல ஒரு முடி அசையாது, காத்துக்கே அவருகிட்ட பயம்" என்றவன் நான்தானே. அன்றோடு பேச்சு நின்றது. சும்மா விளையாட்டுக்கு இவ்வளவு கோபமா என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அடப்பாவி நான்!

மகளுக்குப் போன் செய்தேன். "தெரிஞ்சேதான் எங்க ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல பதிவு பண்ணுனியா?"

"பன்னண்டு மணிக்குத்தான் இடம் இருந்துச்சுப்பா." குரலிலேயே திருட்டுத்தனம்.

மார்ச் 11, செவ்வாய்

அழுத்தம் ஏறும்போது சம்பந்திக்குக் காது அடைத்து முகம் கோணியது. எனக்கென்ன என்று கூரையைப் பார்த்தேன். எவ்வளவு நேரம்தான் கூரையைப் பார்ப்பது? வாயை ஆவென்று பிளந்து காட்டினேன். முறைத்தார். பிறகு அவரும் பிளந்தார். எதிரெதிரே இரண்டு மீன் தொட்டிகள். கூட உட்காரும் நர்ஸ் திரும்பிக்கொண்டு குலுங்கினாள்.

வெளியே வந்ததும் மூன்று வருடத்தில் முதல் வார்த்தை: "வீட்ல சொல்லிடாதீங்க. பேத்திக்குக்கூடத் தெரியாது."

மார்ச் 19, புதன்

நடுவில் ஐந்து நிமிடம் குடத்தைக் கழற்றி விடுவார்கள். இன்று கேட்டுவிட்டேன். "அன்னிக்கு மைக்குல சொன்னது... எனக்கு நெஜமாவே தெரியாதுங்க."

"நூறு பேரு சிரிச்சாங்க சம்பந்தி. எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சுன்னே நெனச்சேன். அப்புறம் ஒரு மாசம் நான் வெளியவே போகல."

"மன்னிச்சிடுங்க."

அவர் பதில் சொல்வதற்குள் நர்ஸ் குடத்தை மாட்டிவிட்டாள். உள்ளே உதடு அசைந்தது. என்ன சொன்னாரோ!

மார்ச் 28, வெள்ளி

புண் பாதியாகிவிட்டது. ஆனால் தூரத்துப் போர்டு மங்குகிறது. இந்தச் சிகிச்சையில் சிலருக்கு அப்படி ஆகுமாம், சில வாரத்தில் சரியாகிவிடுமாம். "என் மூஞ்சி எப்படித் தெரியுது?" என்றாள் மனைவி. "அழகா." "அப்போ கண்ணு நெஜமாவே போச்சு."

ஏப்ரல் 9, புதன்

எனக்குப் புண் துவரம்பருப்பு அளவுதான் பாக்கி. சம்பந்திக்கு ஒட்டிய தோலின் ஓரத்தில் ஒரு துண்டு இன்னும் பிடிக்கவில்லை. நாற்பது தடவை வரை போக வேண்டுமாம். கேட்டுவிட்டு, "நான் எப்பவுமே டியூப்லைட்டு" என்றார். இவருக்கு ஜோக் கூட வருமா?

ஏப்ரல் 16, புதன்

முப்பது முடிந்தது. புண் மூடிவிட்டது. டாக்டர் தட்டிப் பார்த்து, "விரல் உங்களுக்கே" என்றார். மனைவி அவர் முன்னாலேயே என் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மானம் போயிற்று.

சம்பந்தி கை குலுக்கினார். "சந்தோஷம்" என்றவர், கையை விடவில்லை. "அறைக்குள்ள இன்னிக்கு வரைக்கும் பயமே தெரியல. நாளைக்கு எப்படின்னு பாக்கணும்."

ஏப்ரல் 17, வியாழன்

காலையில் வேலைக்குப் போனேன். புது மெத்தென்ற பூட்ஸ். பதினொன்றரைக்கு ஆஸ்பத்திரி.

"உங்களுக்குத்தான் நேத்தே முடிஞ்சிடுச்சே சார்" என்றாள் நர்ஸ்.

"தெரியும்மா" என்று சொல்லிவிட்டு, அறைக்கு வெளியே வட்ட சன்னலுக்கு நேராக ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன். சம்பந்தி பார்த்தார். 'போங்க, போங்க' என்று கையை ஆட்டினார். நான் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடித் தூங்கிவிட்டார்.

இன்று தொடங்கி, சம்பந்திக்குப் பாக்கி இருக்கும் பன்னிரண்டு தடவைக்கும் மேனேஜரிடம் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற கட்டத்தில் 'குடும்பம்' என்று போட்டேன்.