ஆறு ஆடுகளுக்கு ஒரு குளிர்காலம்

மல்லாங்கிணறு மிஷன் பண்ணை,
14-7-1963

அன்புள்ள பூரணிக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றுமில்லை. கடல் தாண்டிப் படிக்கப் போன பெண்டாட்டிக்கு எழுத ஆட்டைத் தவிர வேறு செய்தி இல்லாத ஆள் நான் என்று கோபித்துக்கொள்ளாதே. இங்கே ஆடுதான் இப்போது தலைபோகிற செய்தி.

ஜனவரியில் ஸ்காட்லாந்து சபையார் நம் பண்ணைக்கு அனுப்பிய ஆறு பெட்டைச் செம்மறிகளும் இன்றுவரை கிடாவை அண்டவிடவில்லை. நம்மூர் ஆடுகளுக்கு ஒரு மழை பெய்து புல் தலைகாட்டினால் போதும். இந்தச் சீமாட்டிகள் தின்கிறார்கள், கொழுக்கிறார்கள், கிடாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஜனவரி கடைசிவரை பார்ப்பது, பிறகு கசாப்புக்கு ஏலம் விடுவது என்று பண்ணைக் கமிட்டி தீர்மானித்துவிட்டது. ஆறும் என் கையில் தின்று பழகியவை. பதிவேட்டில் ஆறுக்கும் நேரே ‘மலடு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபோது கை ஓடவில்லை. உன் ஆராய்ச்சியும் ஆட்டில்தானே, ஏதாவது வழி உண்டா?

ஒற்றை ஆளுக்குப் பொங்கித் தின்பது பெரிய சள்ளையாக இருக்கிறது.

உன்,
ராஜசிங்


அபர்டீன், ஸ்காட்லாந்து,
1-8-1963

அன்பு அத்தானுக்கு,

முதலில் பதிவேட்டில் அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். ஆமத்தூரில் உங்கள் தங்கை பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று, குழந்தையை வாங்க நான் கை நீட்டினேன். “மலடி கையில பிள்ளையக் குடுக்காதீக” என்றார்கள் உங்கள் அம்மா. நீங்கள் எதிர்ப் பந்தியில் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். கல்யாணமாகி ஏழு வருஷமாக அதை விதவிதமாகக் கேட்டுவிட்டேன். நீங்கள் ஒருநாளும் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரமே இந்த ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பம் போட்டேன். படிப்பு முடிந்ததும் உங்களிடம் திரும்புவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. மறைத்து எழுத எனக்கு வராது.

இனி ஆடுகள். அவற்றிடம் குறையே இல்லை, அத்தான். அவை குளிர்காலத்துக்குக் காத்திருக்கின்றன! இங்கே இப்போது இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கிறது. டிசம்பரில் பகல் ஏழு மணி நேரம்கூடக் கிடையாது. பகல் சுருங்கச் சுருங்க, இந்த மலைகளில் மேயும் அத்தனை ஆடுகளும் ஒன்றாகப் பருவத்துக்கு வருகின்றன. ஐந்து மாதம் சுமந்து குட்டி போடும்போது பனி உருகிப் புல் வந்திருக்கும். குளிரையும் தீனியையும்விட வெளிச்சம்தான் பெரிய கணக்கு. கொட்டகைக்குள் விளக்கு வைத்துப் பகலைத் தலைகீழாக்கினால் ஆட்டின் பருவமும் தலைகீழாகிவிடுகிறது. கண்ணில் பட்ட வெளிச்சம் மூளைக்குப் போகிறது, மூளை சுரப்பிகளுக்குச் சொல்கிறது, ஹார்மோன் இரத்தத்தில் இறங்குகிறது, சினைப்பை விழித்துக்கொள்கிறது. சூரியன் இன்று நாலு நிமிஷம் முன்னதாகப் போய்விட்டது என்பது ஓர் ஆட்டின் இரத்தத்துக்குத் தெரிகிறது! இது எனக்கு விளங்கிய அன்று சாப்பாடு இறங்கவில்லை.

நம் பக்கம் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணி சொச்சம்தான் வித்தியாசம். அது அவற்றுக்கு எம்மாத்திரம்? அவற்றின் குளிர்காலத்தை நீங்கள்தான் செய்துகொடுக்க வேண்டும். மாலை நாலு மணியிலிருந்து காலை எட்டு மணிவரை கும்மிருட்டில் அடையுங்கள். இரண்டு மூன்று மாதம் பிடிக்கும்.

ஞானபூரணி


மல்லாங்கிணறு,
10-11-1963

அன்புள்ள பூரணிக்கு,

அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். நீ எழுதிய மற்றதற்குப் பதில் எழுத உட்கார்ந்து நாலு தாளைக் கிழித்தேன். அம்மாவைப் பேசவும் பயம், உன்னைப் பார்க்கவும் வெட்கம். நான் அப்படிப்பட்ட ஆள்தான்.

கும்மிருட்டு கிடைத்தது. பண்ணைக்குப் பின்னால் மூடிப்போன பட்டாசுக் கம்பெனி வெடிமருந்து அடுக்கிவைத்த கிட்டங்கி. கனத்த சுவர், ஜன்னலே கிடையாது. ஆகஸ்ட் பாதியிலிருந்து நாலு மணிக்கு ஆடுகளை உள்ளே விட்டு, கதவில் ஈரச் சாக்குக் கட்டிவிடுகிறோம். “என்ன சார், சீமை ஆட்டுக்கு அம்புட்டு வெரசா உறக்கம் வந்துருதா?” என்று ரோட்டில் போகிறவர்கள் கேட்கிறார்கள். மூன்று மாதம் ஆகப்போகிறது. ஆடுகளிடம் ஓர் அசைவும் இல்லை. கசாப்பு வியாபாரிகள் இரண்டு பேர் வந்து முதுகைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒரு விஷயம், சிரிக்காதே. வீட்டில் தனியாகக் குடும்ப ஜெபம் பண்ண மனசு வரவில்லை. குடும்பம் இல்லாமல் என்ன குடும்ப ஜெபம்? ஆகவே தினமும் இரவு ஒன்பது மணிக்குக் கிட்டங்கியில் ஆடுகளோடு உட்கார்ந்து பாடி ஜெபித்துவிட்டு வருகிறேன். பாட்டு எனக்கு எந்தக் காலத்தில் மனப்பாடமாகியிருக்கிறது? புத்தகம் பார்க்க பெட்ரோமாக்ஸ் கொண்டுபோவேன். காவல்காரர் ஊர்க்காவலன் பட்டாசில் இருபது வருஷம் இருந்தவர். இருபது கஜம் தள்ளி நின்று கத்துகிறார்: “சார், விளக்க உள்ள கொண்டுபோகாதீக! மருந்து போனாலும் செவத்துல இருக்கும் சார்!” கிட்டங்கிக்குள் விளக்கு என்றாலே அவருக்கு உயிர் போய்விடுகிறது.

உன்,
ராஜசிங்


அபர்டீன்,
21-11-1963

அன்பு அத்தானுக்கு,

சிரித்தேன். அப்புறம் அழுதேன். அப்புறம் ஓடிவந்து இதை எழுதுகிறேன்.

ஊர்க்காவலன் வேறு காரணத்துக்குச் சொன்னாலும் சொன்னது சரி. அந்த பெட்ரோமாக்ஸை உடனே நிறுத்துங்கள்! நாலு மணிக்கு முடிந்த பகலை நீங்கள் தினமும் ஒன்பதரை வரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். நடுவில் இருந்த இருட்டை ஆடு கணக்கில் சேர்க்காது. அதன் உடம்பைப் பொறுத்தவரை மல்லாங்கிணற்றில் இன்னும் கோடைகாலம்.

நேற்று ஆட்டின் மூளையைத் திறந்து காட்டினார்கள். நடுவே ஒரு முழுத் துவரை அளவுக்கு ஒரு சுரப்பி. அதில் சுரக்கும் ஒரு பொருளை நாலைந்து வருஷம் முன்புதான் மாட்டிலிருந்து பிரித்தார்கள். இரவு எவ்வளவு நீளம் என்று உடம்புக்குச் சொல்வது இதுவாக இருக்குமோ என்று சந்தேகிக்கிறார்கள். நிரூபணம் இல்லை. ஆனாலும் அந்தத் துவரையைக் கையுறை விரலில் ஏந்தி நின்றபோது, கோவிலில் நிற்பதுபோல் இருந்தது.

இன்னொன்று. பெட்டைகளையே குறை சொல்கிறோம், கிடாவை யாராவது சோதித்தார்களா? இதை ஆட்டுக்காகத்தான் கேட்கிறேன்.

ஞானபூரணி


மல்லாங்கிணறு,
31-1-1964

என் அன்பு பூரணி,

குளிர்காலம் வந்துவிட்டது!

டிசம்பர் முதல் தேதியிலிருந்து இருட்டிலேயே ஜெபித்தேன். பாதிப் பாட்டு தப்பு. கிறிஸ்துமஸுக்கும் கிட்டங்கிக்குள் ஒரு மெழுகுவத்தி ஏற்றவில்லை. ஏலத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கதவைத் திறக்கிறேன், இரண்டு ஆடுகள் வாலை ஆட்டிக்கொண்டு நேரே கிடாவிடம் போய் நின்றன. வெளியே வெயில் கொளுத்துகிறது, அவற்றின் உடம்புக்குள் உன் ஊர்ப் பனி. நேற்றோடு நாலு சேர்ந்துவிட்டன. ஏலத்தை ரத்து செய்துவிட்டார்கள். ஊர்க்காவலன் தொப்பியைக் கழற்றிவிட்டு, “இது சாமி காரியம் சார்” என்றார். எனக்கும் கையெல்லாம் புல்லரித்தது.

நீ கேட்டபடி கிடாவின் விந்துவை டிசம்பரிலேயே மைக்ராஸ்கோப்பில் சோதித்தேன். நன்றாக இருந்தது. பிறகு சோதிக்க இன்னோர் ஆள் பாக்கி என்று பட்டது. நீ ஆட்டுக்காகத்தான் கேட்டாய், எனக்குத் தெரியும். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போய்வந்தேன். குறை என்னிடம், பூரணி. இனிச் சரியாகவும் வாய்ப்பில்லை என்றார் டாக்டர்.

நேற்று ஆமத்தூர் போய், தங்கை, மாப்பிள்ளை எல்லாரும் இருக்கும்போது அம்மாவிடம் சொன்னேன். “அவளுக்கு ஒண்ணுமில்ல. நாந்தான் மலடு. இம்புட்டு நாளும் அவளப் பேசவிட்டு ஒக்காந்திருந்தேன்.” அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்கள்.

நீ திரும்பி வா என்று கேட்க எனக்கு முகமில்லை. உனக்கு இன்னும் காலமிருக்கிறது. நீ எந்த முடிவு எடுத்தாலும் எனக்குச் சம்மதம்.

ராஜசிங்


அபர்டீன்,
12-2-1964

என் அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை ஆட்டுக் கொட்டகையில் நின்றுகொண்டே மூன்று தடவை படித்தேன். ஏழு வருஷக் கோபம் ஒரு கடிதத்தில் தீராது. அங்கே வந்து சண்டை போட்டுத்தான் தீர்க்க வேண்டும். செப்டம்பரில் கப்பல் ஏறுகிறேன்.

உங்கள் அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கும் ஒன்று. நீங்கள் உங்களை அந்தச் சொல்லால் சொல்லிக்கொண்டது இதுவே கடைசியாக இருக்கட்டும். வேறு யாராவது சொன்னால், நான் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன்.

உங்கள்,
பூரணி