அபேகேயின் மாப்பிள்ளை செத்தவனா?

ஆகஸ்ட் 29, வெள்ளி

நான் அன்றைக்கே சொன்னேன். முஷின் சந்தை முழுக்க யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். அக்கா மகள் அபேகே அந்த ஜெனரேட்டர் மெக்கானிக்கை வீட்டுக்குக் கூட்டிவந்த முதல் நாளே, "ஆள் சரியில்லை" என்றேன். டயரில் ஆணி எங்கே இருக்கிறது என்று காதாலேயே சொல்கிறவன் நான். லாகோஸில் இந்த ஓலோஜெதேவுக்கு இணையாக இரண்டாவது ஆள் கிடையாது. எனக்கா ஆள் தெரியாது?

பெயர் அயன்வாலே. ஊர் ஒக்போமோஷோ. காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம். ஆனால் ஆறு வருஷமாக அந்தப் பக்கமே போகவில்லையாம். ஏன்?

ஆகஸ்ட் 31

சந்தையில் குனிந்து, கால் இடுக்கு வழியாக அவனைப் பார்த்தேன். ஆவியாக இருந்தால் அப்படித் தலைகீழாகப் பார்க்கும்போது பாதம் தரையில் படாது. அதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. மிளகாய்க்காரி ஷிஃபாவும் இன்னொருத்தியும் தூக்கி நிறுத்தினார்கள். பாதம் படவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஒரு விரல் உயரம். நாலு விரல்கூட இருக்கும்.

செப்டம்பர் 4

அக்காவிடம் போட்டு உடைத்துவிட்டேன். அவள் சர்ச்சுக்குப் போகிறவள், எல்லாவற்றையும் விளக்க வேண்டியிருந்தது. ஆயுசு முடியாமல் செத்தவன் மிச்ச நாளை வேறு ஊரில் கழிப்பான். தொழில் செய்வான், பெண் கட்டுவான். அவன் அடக்கத்தைப் பார்த்தவன் முகத்துக்கு நேரே வந்து சொல்லி, 'இவன் பார்த்தவன்தான்' என்று அவனும் உணர்ந்துவிட்டால் தீர்ந்தது. அன்றைக்கே மறைந்துபோவான்.

"ஒக்போமோஷோவில இவன் அடக்கத்துக்கே நான் போயிருக்கேன். லாரிக்கு டயர் மாத்தப் போன இடம். ஆள் பத்தலைன்னு பெட்டிக்கு ஒரு மூலை தோள் கொடுத்தேன்."

"முதலையைக் கையால பிடிச்சேன்னு சொன்னவன்தானேடா நீ? இருபதாம் தேதி அவங்க வீட்டு ஆளுங்க பெண் கேட்டு வர்றாங்க. வாயை மூடிக்கிட்டு பஞ்சரைப் பாரு."

வரட்டும் பார்ப்போம். எந்த வீட்டு ஆளுங்க?

செப்டம்பர் 9

அபேகே கடைக்கு வந்தாள்.

"மாமா, அதை அவர் முகத்துக்கு நேரா மட்டும் சொல்லிடாதே."

"நான்தான் புளுகனாச்சே. அப்புறம் எதுக்குப் பயம்?"

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு, "அவர் கை எந்த வெயில்லயும் சில்லுனு இருக்கு. தெரிஞ்சுதான் கேட்கிறேன். முப்பத்தி நாலு வயசாச்சு மாமா. சாப்பிட்டியான்னு என்னை இதுவரைக்கும் கேட்ட ஆம்பளை அவர் ஒருத்தர்தான்."

நான் கம்ப்ரசரை ஓடவிட்டேன். அந்தச் சத்தத்தில் பேச முடியாது அல்லவா.

செப்டம்பர் 10

மழை. அக்கா வாய் சும்மா இருக்கவில்லை. தெரு முழுக்கப் பேச்சு. அவன் காதுக்கும் போயிருக்கும்.

செப்டம்பர் 12

வந்துவிட்டான். நட்டநடுப் பகலில், நேராக வந்து லாரி டயர்மேல் உட்கார்ந்தான். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள்.

"பாபா, என் அடக்கத்துக்கு நீங்க வந்ததா சொல்றாங்க."

உயிரோடு இருக்கிறவன் என்றால் என்னை அறைந்திருப்பான். இவன் கெஞ்சினான். "நீங்க பார்த்ததைச் சொல்லுங்க."

இத்தனை பேர் முன்னால் பின்வாங்குகிறவனா நான்? சொன்னேன். வியாழக்கிழமை. தூறல். சிவப்பு மண். மேளக்காரக் குடும்பம் என்று ஏழு மேளம். ஒவ்வொரு வார்த்தைக்கும் அவன் முகம் சாம்பலாகிக்கொண்டே போனது. எழுந்துவிட்டான். கூட்டத்துக்குப் பின்னால் அபேகே, கையில் சோற்றுக் கிண்ணத்தோடு. அழவில்லை. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"உங்கம்மா குழி ஓரத்துல நின்னு கதறினா. ரெண்டு பேர் பிடிச்சுக்கிட்டாங்க" என்றேன்.

ஷிஃபாதான் முதலில் சிரித்தாள். "பெத்தவளா? மகன் குழிக்கா? எந்த யொருபா வீட்டுலய்யா பெத்தவளைப் பிள்ளை குழிக்கு விடுவாங்க? புளுகுறதையாவது ஒழுங்காப் புளுகக்கூடாதா, ஓலோஜெதே?"

தெருவே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

"அப்போ நீங்க வரலை."

"வரலைப்பா. இந்த வாய் சும்மா இருக்காது, அதான்."

அவன் முகத்தில் மெல்ல ரத்தம் ஏறியது. திரும்ப உட்கார்ந்தான். அபேகே கொண்டுவந்த சோற்றை வழித்துத் தின்றான்.

செப்டம்பர் 13

ஓலோஜெதே மாதிரிப் புளுகாதே என்று பஸ் கண்டக்டர்கள் ஒருத்தனை ஒருத்தன் திட்டிக்கொள்கிறார்கள். என் காது கேட்கவே.

செப்டம்பர் 20

நான் நினைத்தபடியே மாப்பிள்ளை பக்கம் ஒரு ஆள் இல்லை. நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன். "உனக்கு வெட்கமே கிடையாதா?" என்றாள் அக்கா. பெண் கேட்டதும் நான்தான். இந்தத் தெருவில் இப்படி ஒரு பேச்சை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அபேகே சிரித்தாள். தேதி குறித்தாகிவிட்டது.

சந்தேகம் போய்விட்டதா? எப்படிப் போகும்? அவனும் என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் இருந்தான்.

இதை யாரும் படிக்கப்போவதில்லை, அதனால் எழுதுகிறேன். அன்று கடையில் சொன்னதில் ஒன்றுதான் புளுகு. அவன் அம்மா குழிக்கு வரவில்லை. அபேகே முகத்தைப் பார்த்ததும், அதை மட்டும் நானாகச் சேர்த்தேன்.