வேலிக் கம்பியில் தொங்கும் தகடு

கிழக்கு ஓரிகன்
செப்டம்பர் 3

அன்பு மகள் நெக்கானேவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், மிச்சமிருக்கிற நாற்பத்தொரு மாடுகளும் நலம், கிழட்டு நாய்க்கு மட்டும் காது மந்தமாகிவிட்டது, ஆனால் குரைப்பதில் ஒரு குறையும் இல்லை. நீ அந்த மெய்ன் மாநிலக் கடற்கரையில் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். வலது கைத் தழும்பு குளிருக்கு இன்னும் இழுக்கிறதா, ஆட்டுக் கொழுப்பைச் சூடாக்கித் தடவு, கடையில் விற்கிற களிம்பெல்லாம் வெறும் வாசனை. போன வாரம் சொரிசோ இறைச்சி நாலு வளையம் அனுப்பினேன், பீன்ஸோடு போட்டு வேகவை, கூட இருக்கிறவர்களுக்குத் தானம் செய்துவிட்டு நீ பட்டினி கிடக்காதே. உன் கடிதம் வந்தது. இரண்டு பக்கமும் மழையைப் பற்றி எழுதியிருந்தாய். நான் வெர்லன் டாக்கெட்டைப் பற்றி எத்தனை கேட்டிருந்தேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. பரவாயில்லை, இந்த முறை அவனைப் பற்றி உனக்கு நிறையச் சேதி இருக்கிறது, உட்கார்ந்து படி.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும். ஒரு வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டுதான் ஒவ்வொரு நாள் காலையும் காபி குடித்தேன். போன வருஷம் மின்னல் விழுந்து மூண்ட நெருப்பை நம் பள்ளத்தாக்குக்காரர்கள் எல்லோருமாகச் சேர்ந்து அணைத்தோம், அப்போது தீப்படைக்குத் தலைவன் அவன். அணைந்தது என்று வயர்லெஸ்ஸில் அறிவித்ததும் அவன்தான். நாலாம் நாள் காற்று அடித்ததும் ஜூனிபர் மரமொன்றின் அடிமர வேருக்குள் உறங்கிக் கிடந்த கங்கு எழுந்துகொண்டது, மாடுகளை வெளியே விட வேலியை வெட்டப் போன உன் அப்பா திரும்பி வரவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் மன்றத்தில் எல்லோரும் கூடி, வேலிக் கேட்டிலிருந்து அந்த அடிமரம் வரை சாம்பலைத் தடவிப் பார்த்தது யார் என்று கேட்டபோது வெர்லன் எழுந்து, "நான்தான் பாத்தேன். கையுறையக் கழட்டல" என்றான். அவ்வளவுதான். ஏதோ வாசல் விளக்கை அணைக்க மறந்துவிட்டேன் என்பது போலச் சொன்னான். தீயின் ஓரமாக முட்டி போட்டு, கையுறையைக் கழற்றி, முதலில் புறங்கையைச் சாம்பலுக்கு மேலே காட்டி, அப்புறம் விரலை உள்ளே விட்டுத் துழாவிப் பார்க்காமல் ஒரு அங்குலம்கூட நகரக் கூடாது என்று நமக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவனே அவன்தானே. அன்றைக்கு நீ என் பக்கத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாய், பத்தாம் நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாய். அவன் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல்தான் போகிறாய் என்று நினைத்தேன். என் புருஷனையும் பறித்துக்கொண்டு, என் பெண்ணையும் ஊரை விட்டுத் துரத்தினவன் என்று அவன் மேல் இரண்டு பழி எழுதி வைத்துக்கொண்டேன்.

வசந்த காலத்துக் கூட்டத்தில் தீப்படைத் தலைவர் பதவி எனக்கு வேண்டும் என்று நானே எழுந்து கேட்டேன். முதலில் கையைத் தூக்கினது வெர்லன். வெட்கத்தில் தூக்குகிறான் என்று நினைத்தேன், மனசு கொஞ்சம் குளிர்ந்தது. தலைவர் சொன்னதைத் தீக்களத்தில் யாரும் தட்டக் கூடாது என்பது அவன் போட்ட விதி, அந்தக் கயிற்றாலேயே அவனைக் கட்டுவேன் என்று காத்திருந்தேன். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி தெய்வம் கண்ணைத் திறந்தது. வடக்குச் சரிவில் மின்னல் விழுந்தது, காய்ந்த புல் முழங்கால் உயரம், காற்று நேராக வெர்லன் வீட்டைப் பார்த்து. ட்ராக்டரை விட்டுத் தரையைக் கீறிக் கோடு போட்டாயிற்று, தண்ணீர் டாங்கி வண்டிகள் இரண்டு பக்கமும் நின்றன, இனி முள்ளை முள்ளால் எடுக்கிற வேலைதான், எண்ணெய் சொட்டும் தீப்பந்தத்தை எடுத்துக்கொண்டு கோட்டின் உள்பக்கம் எதிர்த்தீ வைத்துக்கொண்டே போக வேண்டும், பெரிய நெருப்பு வந்து சேர்வதற்குள் அதற்குத் தின்ன ஒன்றும் இல்லாமல் செய்துவிட வேண்டும். பந்தம் என் கையில். கீழே அவன் வீடு, அவன் பெண்டாட்டி டார்லீன் கொடியில் போட்டிருந்த போர்வைகூடத் தெரிந்தது. உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும், என் கை நின்றது. கொஞ்சம் தாமதித்தால் போதும், காற்று திரும்பிவிட்டது என்று சொன்னால் என்னை யார் கேட்கப் போகிறார்கள். நின்று பார்த்தேன், அந்தப் போர்வை எரிவதை மனசுக்குள் ஒரு தரம் பார்த்துக்கொண்டேன், நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் பந்தத்தைச் சாய்த்து நடந்தேன். கருணை என்று நினைக்காதே. வீடு எரிந்தால் ஊரே அவனுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுக்கும், அது எனக்குப் போதாது. அவன் வீடு நிற்க வேண்டும், என் கையால் நின்றது என்று அவன் தினமும் பார்க்க வேண்டும்.

மறுநாள் காலை எல்லோரையும் கூட்டி, நெருப்பு ஓரம் மொத்தம் மூன்று மைல், மூன்று மைலையும் வெர்லன் ஒருவனே தடவிப் பார்ப்பான், கையுறை இல்லாமல், மற்றவர்கள் வண்டி அருகில் நிற்கட்டும் என்று உத்தரவு போட்டேன். யாரோ பின்னாலிருந்து, "அந்த மனுஷனுக்கு அறுபத்தெட்டு வயசு, முட்டி ரெண்டும் போச்சு, பாத்துக்க மைட்டே" என்றார்கள். தலைவர் நான் என்றேன். வெர்லன் கையுறைகளைக் கழற்றி மடித்து என் வண்டியின் மூக்கில் வைத்துவிட்டு முட்டி போட்டான். நான் பின்னாலேயே வண்டியை ஊர விட்டேன், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. "நல்லா விரல உள்ள விடு வெர்லன், அது என்ன சுட்டுப்புடுமா" என்றேன். "போன வருஷமே இப்படி முட்டி போட்டிருந்தா இன்னைக்கு என் வீட்ல ரெண்டு தட்டு வச்சிருப்பேன்" என்றேன். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன், உன் அப்பா இருந்தால் என் வாயைப் பொத்தியிருப்பார். இரண்டு இடத்தில் சூடு கண்டுபிடித்தான், கையைத் தூக்கிக் காட்டினான், தண்ணீர் ஊற்றினோம், விரல் நுனி வெந்து வெளுத்திருந்தது. என் வயிறு குளிர்ந்தது, நெக்கானே. ஒரு வருஷத்தில் முதல் தடவையாக எனக்குப் பசித்தது.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் டார்லீன் பிக்கப் வண்டியைப் புழுதி பறக்க ஓட்டிக்கொண்டு வந்தாள். புருஷன் மண்ணில் ஊர்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தாள், என் ஜன்னலருகே வந்தாள், கையில் இருந்ததை என் மடியில் வீசினாள். "இந்தா, வச்சுக்க. ஒரு வருஷமா என் சர்க்கரை டப்பாவுக்குள்ள கெடக்கு. வெளிய சொன்னா வீட்டை விட்டுப் போயிருவேன்னாரு அந்த மனுஷன், அதான் வாய மூடிக்கிட்டிருந்தேன். போகட்டும், இப்பப் போகட்டும்" என்று கத்தினாள். பித்தளைத் தகடு. நம் வீட்டு முத்திரை, பிறையும் கோடும், ஓரத்தில் நீ பதினாலு வயதில் ஆணியால் குத்தின உன் பெயரின் முதல் எழுத்து. ஒரு பக்கம் நெருப்பில் கறுத்திருந்தது. அந்தத் தகடு எங்கே தொங்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டுமா? இதுவரை நான் கையால் தடவிப் பார்த்துவிட்டேன் என்று அவரவர் பங்கு முடிகிற இடத்தில் வேலிக் கம்பியில் மாட்டிவிட்டு வருவதுதானே நம் வழக்கம். அன்றைக்கு நான் தண்ணீர் வண்டியோடு மறுபக்கச் சரிவில் இருந்தேன், யாருக்கு எந்தப் பங்கு என்று எனக்குத் தெரியாது. உன் அப்பாவைக் கண்டெடுத்த காலையில் அடிமரத்தருகே கம்பியில் இது தொங்குவதை வெர்லன் பார்த்திருக்கிறான், மற்றவர்கள் கண்ணில் படுமுன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருக்கிறான்.

நான் வண்டியை விட்டு இறங்கவில்லை. அவன் வேலையை நிறுத்தவும் இல்லை, மூன்று மைலையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தான், கூட இருந்தவர்கள் இரண்டு தோளையும் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. இரண்டு நாள் கழித்து ஆட்டுக்கறிக் குழம்பும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு போனேன். டார்லீன் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். விரல்களில் கட்டோடு உட்கார்ந்திருந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் வாயைத் திறந்தால் திட்டுத்தான் வந்தது, "யாருடா ஒன்ன நல்லவனா இருக்கச் சொன்னது, என் பழிய எதுக்கு நீ திருடிக்கிட்ட" என்று கத்தினேன். அவன் குழம்பைப் பார்த்துக்கொண்டே, "அவ கையுறையோட திரும்பி வந்ததப் பாத்தும் அணைஞ்சிருச்சுன்னு சொன்னவன் நான்தானே மைட்டே, அது என் தப்புதான். ஒன் மார்ட்டின் போயிட்டான். பொண்ணயும் வெறுத்துட்டா ஒனக்கு யாரு இருக்கா? என்னத் திட்டிக்கிட்டாவது நீ எந்திரிச்சு நடமாடுவேன்னு நெனச்சேன், நடமாடுனியா இல்லியா" என்றான். குழம்புப் பாத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். என்னைக் கேட்காமல் எனக்கு நல்லது செய்தான், அவனை வெறுப்பதற்கு இப்போது இந்த ஒரு காரணம் மிச்சம் இருக்கிறது.

அப்புறம் உன் மேல் திரும்பியது கோபம். மூன்று வாரமாக உனக்கு எழுத உட்கார்ந்து எட்டுக் கடிதம் கிழித்தேன், ஒவ்வொன்றும் உன் தோலை உரிக்கிற கடிதம். ஒரு மனுஷனை நான் வருஷம் முழுக்கச் சபிக்க, நீ மழையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாயே என்று. நேற்று ரொட்டி சுடும்போது அடுப்பு ஓரத்தில் மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டேன், மருந்து டப்பாவைத் திறந்தேன், அப்போதுதான் நீ நெருப்பு ஓரத்தைத் தடவப் போன அந்தக் காலை எனக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்குக் காபிக் கெண்டி கவிழ்ந்து உன் வலது கை வெந்து போயிருந்தது, நான்தான் மருந்து தடவித் துணி சுற்றி மேலே கையுறையை மாட்டி, "சாயங்காலம் வரைக்கும் நீ இதக் கழட்டினேன்னு தெரிஞ்சுது, தோல உரிச்சிருவேன்" என்று சொல்லி அனுப்பினேன். நீ கழற்றவில்லை. சின்ன வயதிலிருந்து நான் சொன்னது எதையும் கேட்காதவள், அன்றைக்கு ஒரு நாள் கேட்டாய். இதையும் நீ யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட.

பழி வாங்காமல் விடுகிற ஆளில்லை நான், உனக்குத் தெரியும், ஆகையால் தண்டனை எழுதிவிட்டேன், கேட்டுக்கொள். அக்டோபரில் முதல் மழை விழுந்ததும் மேற்குச் சரிவை நாமே கொளுத்தப்போகிறோம், நெருப்பு நம்மைத் தேடி வருவதற்கு முன்னால் நாம் அதைத் தேடிப் போய் அதன் தீனியைப் பிடுங்கிவிட வேண்டும், வேறு வழியில்லை என்று எல்லோரும் கை தூக்கிவிட்டார்கள். அணைந்ததும் தடவிப் பார்க்கப் பங்கு பிரித்தாயிற்று. கேட்டிலிருந்து அடிமரம் வரை உனக்கும் எனக்கும். அதற்கு அடுத்தது வெர்லனுக்கு, விரல் ஆறிவிடும் என்கிறான். உன் தகட்டை நான் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை, அடிமரத்தருகே அதே கம்பியில் மாட்டிவிட்டேன், நீ வந்து உன் கையால் எடு. பஸ்ஸில் வராதே, ரயிலில் வா, இடையில் நன்றாகத் தூங்கு. உன் அப்பாவின் ஆசீர்வாதமும் என்னுடையதும் உன் தலைமேல் இருக்கட்டும், ஒரு குறையும் அண்டாமல் வந்து சேர். கனமான காலுறை கொண்டு வா, இங்கே காலைப் பனி தொடங்கிவிட்டது. கையுறை கொண்டு வராதே, நானும் போடப்போவதில்லை.

உன் அம்மா
மைட்டே